பழுப்புப் பாம்புக்கு மூன்று மடங்கு விலையா? முதலில் புளியங்கொட்டையை எடுங்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பால் பைத்தான் என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு, ஆண். சாதாரணப் பழுப்பும் கறுப்பும்தான், ஒரு அலங்காரமும் கிடையாது. கீழே "100% ஹெட் பைட்" என்று போட்டு, சாதாரணப் பாம்பு விலையைப்போல மூன்று மடங்கு கேட்டிருந்தார்கள். "அண்ணா, பைட்னா வெள்ளைத் திட்டு இருக்கணுமே, இதுல எங்க இருக்கு?" என்று கேட்டான். எங்கேயும் இல்லை. பைட் மரபணு வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கிறது என்பதுதான் "ஹெட்", கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றுக்குத்தான் மூன்று மடங்கு. அதை எப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எனக்குக் கடலூர், மஞ்சக்குப்பம். நான் பாம்பு வளர்ப்பவன் இல்லை, வீட்டில் இருப்பதெல்லாம் பட்ஜீஸ் கிளிகள். ஆனால் பறவைக்காரர்கள் "ஸ்ப்ளிட்" என்று சொல்வதையும் பாம்புக்காரர்கள் "ஹெட்" என்று சொல்வதையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே சரக்கு. ஒன்று பிடிபட்டால் மற்றது பாதி பிடிபட்ட மாதிரி.

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாம்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், பால் (ball) என்ற பெயர் அதனால் வந்தது. நம் காட்டு மலைப்பாம்பு வேறு, அதை வீட்டில் வைத்தால் நேராக வழக்குதான், அதில் பேச ஒன்றும் இல்லை.

நிறம் எங்கிருந்து வருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோலில் கறுப்பு கொடுக்கும் மெலனின் செல்கள் ஒரு வகை, மஞ்சள் கொடுப்பவை இன்னொரு வகை, ஒளியைத் திருப்பி அனுப்பும் படிகங்கள் வைத்திருப்பவை மூன்றாவது. மெலனின் போய்விட்டால் மஞ்சளும் வெள்ளையும் மிஞ்சும், அது அல்பினோ. மஞ்சள் போய்விட்டால் சாம்பலும் கறுப்பும், அது ஆக்ஸாந்திக். இரண்டும் போனால் ஸ்னோ. பைட் கதை வேறு: உடலின் சில இடங்களில் நிறச் செல்களே குடியேறுவதில்லை, அங்கே சுத்த வெள்ளை. இதற்குக் காரணம் டிஎஃப்இசி என்ற மரபணுவில் இருக்கும் பழுது என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

புளியங்கொட்டைக் கணக்கு

பத்தாம் வகுப்பில் மெண்டல் பட்டாணியும் கட்டமும் படித்திருப்போம், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். கட்டம் வேண்டாம். தாயம் ஆட, புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்ப்போமே, அது போதும்.

ஒவ்வொரு மரபணுவுக்கும் பாம்பிடம் இரண்டு பிரதிகள் இருக்கும், ஒன்று அப்பனிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒரு கொட்டையின் இரண்டு பக்கங்கள்தான் அந்த இரண்டு பிரதிகள். தேய்க்காத பழுப்புப் பக்கம் சாதாரணம், தேய்த்த வெள்ளைப் பக்கம் அல்பினோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்காத கொட்டை சாதாரணப் பாம்பு. ஒரு பக்கம் தேய்த்தது ஹெட். இரண்டு பக்கமும் தேய்த்தது அல்பினோ. பாம்புக்காரர் மொழியில், வெளியே தெரிவதால் அதை "விஷுவல்" என்பார்கள். முட்டைக்கு ஒரு தடவை, அப்பன் கொட்டை ஒன்றும் அம்மா கொட்டை ஒன்றும் சேர்த்து உருட்டுங்கள். மேலே விழுந்த இரண்டு பக்கமும் சேர்ந்ததுதான் குட்டி. தேய்த்த கொட்டை ஒரே பக்கமாக விழுகிறது என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரு ரூபாய் நாணயத்துக்கு மாறிக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் சந்தேகம் வராத தாய ஆட்டமே கிடையாது.

இப்போது ஹெட்டோடு ஹெட் உருட்டிப் பாருங்கள். வெள்ளை-வெள்ளை விழ நான்கில் ஒரு வாய்ப்பு, அதாவது 25%. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். "நாலு முட்டை போட்டால் ஒன்று அல்பினோ" என்று நினைத்துக்கொள்கிறார்கள். கொட்டைக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை பழுப்பு விழுந்ததே, இந்தத் தடவை வெள்ளை கொடுப்போம் என்று அது யோசிக்காது. பால் பைத்தான் ஒரு ஈட்டுக்குச் சராசரியாக ஆறு முட்டை போடும் என்று வைத்துக்கொண்டால், ஆறிலும் ஒரு அல்பினோ கூட வராமல் போக ஏறக்குறைய 18% வாய்ப்பு இருக்கிறது. ஆறு தடவை உருட்டி ஒரு ஈடு, அதையே பத்துப் பதினைந்து ஈடுக்குச் செய்து பாருங்கள், வெறும் பழுப்பாகவே ஒரு ஈடு வந்து நிற்கும். அது நிஜத்தில் நடந்தால் ஒரு வருஷம் போச்சு என்று அர்த்தம், ஏனென்றால் நன்றாக இருக்கும் பெண் பாம்புகூட வருஷத்துக்கு ஒரு தடவைதான் போடும், சில வருஷம் போடாமலே இருந்துவிடும்.

ஸ்னோ மாதிரி இரண்டு ஒடுங்கு மரபணுக்கள் (இரண்டு பக்கமும் தேய்த்தால்தான் வெளியே தெரிபவை) சேர வேண்டியது என்றால் இன்னும் மோசம். இரண்டுக்கும் ஹெட்டான ஜோடிக்கு ஒரு முட்டை ஸ்னோ ஆக 16-இல் 1 தான். ஆறு முட்டையில் ஒன்றாவது கிடைக்க 32%. மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, ஒன்றும் கிடைக்காது என்பதுதான். இதைச் சொல்லாமல் "டபுள் ஹெட் ஜோடி" என்று விற்பார்கள்.

"66% பாஸ் ஹெட்" (பாஸ் என்றால் பாஸிபிள், ஹெட்டாக இருக்கலாம்) என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதும் கொட்டையிலேயே இருக்கிறது. ஹெட்டோடு ஹெட் சேர்த்ததில் அல்பினோவாகப் பிறந்ததை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள், அதை அடையாளம் தெரியும். மிச்சம் மூன்று வகை: வெள்ளை-பழுப்பு, பழுப்பு-வெள்ளை, பழுப்பு-பழுப்பு. மூன்றில் இரண்டு ஹெட். எது என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் எல்லாவற்றுக்கும் 66% என்று எழுதி ஒட்டுகிறார்கள். பெற்றோரில் ஒன்று மட்டும் ஹெட், மற்றது சாதாரணம் என்றால் குட்டிகள் எல்லாம் "50%". கவனியுங்கள், எந்தப் பாம்பும் 66% ஹெட்டாக இருக்க முடியாது. ஒன்று முழுசாக இருக்கும், இல்லை சுத்தமாக இருக்காது. அந்த எண் நம் அறியாமையின் அளவு, பாம்பைப் பற்றியதே இல்லை.

தெரிந்துகொள்ள வேண்டுமானால் விஷுவல் ஒன்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சந்தேகப்பட்ட பாம்பு ஹெட் என்றால் குட்டிகளில் பாதி விஷுவலாக வர வேண்டும். ஒன்று வந்தாலே போதும், நிரூபணம் முடிந்தது. ஆறும் சாதாரணமாக வந்தால்? ஹெட்டாக இருந்தும் அப்படி நடக்க 64-இல் 1 வாய்ப்பு. 66% என்று வாங்கிய பாம்புக்கு அதற்குப் பிறகு மிஞ்சும் நம்பிக்கை வெறும் 3%. அத்தோடு விட்டுவிடலாம். ஆனால் இதற்கு ஆகும் காலத்தைப் பாருங்கள்: பெண் குட்டி சுமார் 1,500 கிராம் எடை வர மூன்று வருஷம் ஆகும், அப்புறம் ஜோடி சேர்த்து, முட்டையிட்டு, அடைகாத்து. நான்கு வருஷம் எலி வாங்கிப் போட்டுவிட்டு "ஹெட் இல்லை" என்று தெரிந்துகொள்வதற்குப் பதில், முதலிலேயே விஷுவல் ஆண் ஒன்றை வாங்கிவிடலாம். ஆண்கள் ஒன்றரை வருஷத்திலேயே தயாராகிவிடும்.

அந்தி மந்தாரை வகை

எல்லா மார்ஃபும் (நிறக்கோல வகைகளுக்குப் பாம்புக்காரர் சொல்) ஒளிந்திருக்காது. பேஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தேய்த்தாலே மஞ்சள் பளிச்சென்று தெரியும், இரண்டு பக்கமும் தேய்த்தால் இன்னும் வெளிறிய "சூப்பர் பேஸ்டல்". சிவப்பும் வெள்ளையும் சேர்த்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும் அந்தி மந்தாரையைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள், முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று போட்டிருக்கும், அதேதான். பாம்புக்காரர்கள் இதைக் "கோ-டாம்" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள், பாடப்புத்தகப்படி அது தப்பு. ஆனாலும் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் சண்டை போடுவதை விட்டுவிட்டேன்.

இதில் விளம்பரத்தைச் சோதிக்க ஒரு வழி கிடைக்கிறது. ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும் என்பதால் பழுப்புப் பாம்பைக் காட்டி "ஹெட் பேஸ்டல்" என்று யாரும் விற்க முடியாது. அப்படி எழுதியிருந்தால், விற்கிறவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

இன்னொரு சோதனை. மொஹாவி, லெஸ்ஸர், பட்டர், ருஸ்ஸோ, மிஸ்டிக், ஃபான்டம் இவையெல்லாம் ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள், ஒரே இருக்கைக்கு அடித்துக்கொள்கிறவை. இருக்கை இரண்டுதான், கொட்டைக்கு இரண்டு பக்கம்தான். மொஹாவியையும் லெஸ்ஸரையும் சேர்த்தால் நான்கில் ஒன்று நீலக்கண் வெள்ளைப் பாம்பாக வரும், அது இந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற வித்தை. ஆனால் ஒரே பாம்பில் "மொஹாவி, லெஸ்ஸர், மிஸ்டிக்" மூன்றும் இருக்கிறது என்று ஒருவர் எழுதினால் அவர் மூன்று பக்கம் உள்ள புளியங்கொட்டை வைத்திருக்கிறார்.

இதற்கு நேர் எதிரும் உண்டு. பார்க்க ஒன்றாக இருக்கும், மரபணு வேறாக இருக்கும். ஆக்ஸாந்திக்கில் பல வரிசைகள், அதாவது வம்சங்கள், உண்டு, ஒரு வரிசையை இன்னொன்றோடு சேர்த்தால் குட்டிகள் எல்லாம் சாதாரணமாகப் பிறந்து நிற்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு கொட்டை. சாதாரண அல்பினோவும் லாவெண்டர் அல்பினோவும் அப்படித்தான். 2022-இல் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், வளர்ப்பாளர்கள் அனுப்பிய உரித்த சட்டைகளை வைத்தே ஆராய்ந்து, முதலாவது டைரோசினேஸ் மரபணுவிலும் இரண்டாவது ஓசிஏ2 என்ற மரபணுவிலும் இருக்கும் பழுது என்று காட்டினார்கள். பாம்பு சட்டையைப் பூஜை அறையில் வைப்பவர்களையும் பர்ஸில் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், இதற்கும் ஆகும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் "ஆக்ஸாந்திக்" என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த வரிசை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆணா பெண்ணா என்பதும் கணக்கில் வரும்

இங்கே என் சொந்த நஷ்டக் கதை. பல வருஷத்துக்கு முன் தெரிந்தவர் ஒருவரிடம் "ரெண்டும் ஸ்ப்ளிட் ஐனோ" என்று பட்ஜீஸ் ஜோடி வாங்கினேன், 1,800 ரூபாய். ஐனோ என்பது மெலனின் இல்லாத வெள்ளை, மஞ்சள் வகை. இரண்டு வருஷம் குஞ்சு எடுத்தேன், ஒரு வெள்ளைக் குஞ்சு கிடையாது, மஞ்சளும் கிடையாது. பிறகுதான் படித்தேன். பட்ஜீஸில் ஐனோ மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது, பெண்ணுக்கு ஒரே ஒரு இசட்தான். இருந்தால் வெளியே தெரிந்தே ஆக வேண்டும், ஒளித்து வைக்க அதற்கு இடமே இல்லை. பெண் பட்ஜீஸ் ஐனோவுக்கு ஸ்ப்ளிட் ஆகவே முடியாது! ஆணாவது நிஜ ஸ்ப்ளிட் என்றால் பெண் குஞ்சுகளில் பாதி ஐனோவாக வந்திருக்கும், அதுவும் வரவில்லை. ஐந்து நிமிஷக் கணக்கு, போட்டுப் பார்க்காமல் காசைக் கொடுத்துவிட்டேன்.

பால் பைத்தானில் இந்த மாதிரி ஆண்-பெண் பாலோடு ஒட்டி வருவது பனானா என்ற மார்ஃப். ஆனால் பறவை போல இல்லை, இங்கே ஆண்தான் எக்ஸ்-ஒய், பெண் எக்ஸ்-எக்ஸ். பாம்பு எல்லாமே பறவை மாதிரிதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள், பைத்தானிலும் போவாவிலும் அப்படி இல்லை என்று 2017-இல்தான் ஆய்வில் உறுதியானது. பனானா மரபணு, பாலைத் தீர்மானிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். பனானா ஆண் தன் தாயிடமிருந்து அதை வாங்கியிருந்தால் அது எக்ஸில் இருக்கும், அவன் பெறும் பனானாக் குட்டிகள் பெரும்பாலும் பெண்கள். தகப்பனிடமிருந்து வாங்கியிருந்தால் ஒய்யில் இருக்கும், பனானாக் குட்டிகள் பெரும்பாலும் ஆண்கள். "பெரும்பாலும்" என்பதைக் கவனியுங்கள், அபூர்வமாக இடம் மாறுவதும் உண்டு. பனானா பெண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆண் பெண் இரண்டும் சமமாக வரும். ஆகவே பனானா ஆண் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: இவன் அம்மா பனானாவா, அப்பா பனானாவா?

தொடக் கூடாதவை

ஸ்பைடர் என்ற மார்ஃப் வேண்டாம். 1999-இல் வந்தது, மெல்லிய வலைபோல் அழகான கோலம், பேஸ்டலோடு சேர்ந்தால் "பம்பிள்பீ" என்று பெயர், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஸ்பைடருக்கும் தலை ஆட்டம் உண்டு, கொஞ்சமோ அதிகமோ, சிலது எலியைக் கொத்தினால் பக்கத்தில் போய் விழும், சிலது மல்லாந்து திருகிக்கொள்ளும். 2022-இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், சமநிலையைக் காக்கும் உட்காதே கோணலாக உருவாகியிருக்கிறது என்று தெரிந்தது. இத்தனை வருஷம் வெளியாட்களோடு சேர்த்துச் சேர்த்துப் பார்த்தும் கோலத்தையும் ஆட்டத்தையும் யாராலும் பிரிக்க முடியவில்லை. "இது லைட் வாபுள்தான்", லேசான ஆட்டம்தான் என்பார்கள், அதன் குட்டிக்கு எவ்வளவு இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஷாம்பெய்னுக்கும் இந்த ஆட்டம் உண்டு, அதை ஸ்பைடரோடு சேர்த்தால் இரண்டையும் வாங்கிய குட்டி பிழைப்பதில்லை. டெசர்ட் பெண்களுக்கு முட்டை விஷயத்தில் பெரும் சிக்கல். கேரமல் அல்பினோவில் முதுகெலும்பு வளைவு. சூப்பர் லெஸ்ஸரில் கண் பிதுங்கி நிற்பது. காசு கொடுக்கும் முன் அந்த மார்ஃபின் சூப்பர் எப்படி இருக்கும், உயிரோடு பிறக்குமா என்று தேடிப் பாருங்கள்.

முதுகு வளைந்த குட்டி வந்தால் உடனே மரபணுவைத் திட்டவும் வேண்டாம். முட்டைகளுக்கு 31 முதல் 32 டிகிரி, 55 முதல் 60 நாள். நம் ஊரில் பிரச்சினை சூடு போதாமை இல்லை, மே மாதம் மத்தியானம் அறையே அதைத் தாண்டிவிடும், அதிகச் சூட்டிலும் குட்டி வளையும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது கரண்ட் போனதே, அப்படி ஒரு நாளுக்கும் என்ன செய்வது என்று முன்பே யோசித்துவிட வேண்டும்.

தம்பியின் கணக்கு

அவனிடம் இருப்பது ஒரு பேஸ்டல் பெண், முறையாகப் பதிவு செய்தது. அந்த ஹெட் பைட் ஆணை வாங்கினால் என்ன வரும் என்று இரண்டு ஜோடிக் கொட்டை உருட்டிக் காட்டினேன். பேஸ்டல் பாதி, சாதாரணம் பாதி. பைட் ஒன்றுகூட வராது, ஏனென்றால் பெண்ணிடம் பைட் பக்கமே இல்லை. குட்டிகள் எல்லாம் "50% பாஸ் ஹெட்", எது என்று தெரியாத கூட்டம். அதுவும் விற்றவர் சொன்னது உண்மையாக இருந்தால்.

அதற்குப் பதில் நிஜமாகவே வெள்ளைத் திட்டு உள்ள பைட் ஆணை வாங்கினால் முதல் ஈட்டில் பைட் வராது, ஆனால் ஒவ்வொரு குட்டியும் சந்தேகமே இல்லாமல் 100% ஹெட். அதில் ஒரு பேஸ்டல் மகளை வளர்த்து வேறொரு பைட் ஆணோடு சேர்த்தால் பாதி பைட், நான்கில் ஒன்று பேஸ்டல் பைட். அப்பனோடேயே திருப்பிச் சேர்க்கிற பழக்கம் இந்த வட்டாரத்தில் நிறைய இருக்கிறது, கணக்கு அப்படியேதான் வரும், ஒரு தடவைக்கு மேல் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். ஆண் விலை கூடத்தான். மூன்று வருஷ எலிச் செலவையும் சேர்த்துக் கூட்டினால் அதுவே மலிவு.

அப்படியும் ஹெட்தான் வாங்குவேன் என்றால்: தாய் தகப்பன் இரண்டின் படமும் இன்றைய தேதியோடு கேளுங்கள், பொரித்த நாள் கேளுங்கள், ஈட்டில் கூடப் பிறந்தவை என்னென்ன என்று கேளுங்கள். "100%" என்றால் ஒரு பெற்றோராவது விஷுவலாக இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்கெனவே நிரூபித்த சோதனை இருக்க வேண்டும். அமெரிக்காவில் சட்டைத் துண்டை அனுப்பினால் பைட், க்ளவுன் போன்ற சில மார்ஃப்களுக்கு ஹெட்டா இல்லையா என்று சொல்லிவிடும் ஆய்வகங்கள் வந்துவிட்டன. பெண் பாம்பு வாங்கினால் அது முன்பு எந்த ஆணோடு இருந்தது என்றும் கேளுங்கள், விந்துவை மாதக்கணக்கில் உள்ளே சேமித்து வைக்கும் ஜாதி இது, அப்பன் யார் என்பதே குழம்பிவிடும்.

காகிதம் முக்கியம். பால் பைத்தான், சைட்ஸ் என்ற சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 4-இல் வருகிறது, 2024-இல் வந்த விதிகள்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பொரித்தாலும் கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே வனத்துறை வேறு, இங்கே வேறு, "பக்கத்து ஊர்தானே" என்று டப்பாவில் போட்டு டவுன் பஸ்ஸில் கொண்டுவருகிற வேலை வேண்டாம். பாங்காக்கிலிருந்து பெட்டியில் திணித்துச் சென்னை விமான நிலையத்தில் பிடிபடுகிற குட்டிகளின் அண்ணன் தம்பிகள்தான் காகிதம் இல்லாமல் மலிவாக விற்கப்படுகின்றன, அவற்றின் அப்பன் யார் என்று யாருக்கும் தெரியாது, "ஹெட்" என்ற சொல்லுக்கே அங்கே அர்த்தமில்லை.

கடைசியாக, டப்பா மேல் ஒட்டும் சீட்டு. தம்பி முதலில் "பேஸ்டல், பெண்" என்று மட்டும் எழுதியிருந்தான். இப்போது பொரித்த தேதி, தாய், தகப்பன், பதிவு எண், மாதா மாதம் எடை, சேர்த்த ஆணின் பெயரும் தேதியும் என்று ஆறு வரி. ஹெட் என்று எழுதுமிடத்தில் மட்டும் பென்சில், நிரூபணமான பிறகு பேனா.